கல்வட்டத்தை அடையாளம் கண்டு அளந்து பதிவது

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் குன்றடி மேடுகளிலும் ஏரிக்கரை ஓரத்திலும் பெருங்கற்காலக் கல்வட்டங்கள், அதாவது இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றி வளையமாக வைத்த பெரிய கற்கள், பல உள்ளன. கோடையில், புல் காய்ந்தபின் போங்கள். காலை எட்டு மணிக்குள் சாய்வெயிலில் தாழ்ந்த மேடும் நிழல் காட்டும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது.

உழவர் பொறுக்கிப்போட்ட கற்குவியலோடு குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. குவியலில் கல் தளர்வாக மேலே கிடக்கும், ஒழுங்கிருக்காது. கல்வட்டத்தில் பெரிய உருண்டைக் கற்கள் பாதி மண்ணில் புதைந்து வளையமாக நிற்கும். நடுவில் சிறுகற்கள் நிரம்பியிருக்கும். பலகைக்கல்லின் விளிம்பு நடுவே தென்பட்டால் கீழே கல்லறை இருக்கலாம். தோண்டிப் பார்க்காதீர்கள்.

விட்டத்தை வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என இருமுறை அளக்கவும். மண்சரிவால் வட்டம் கோணியிருக்கும், ஓர் அளவு ஏமாற்றும். நிற்கும் கல், சாய்ந்த கல், காணாமற்போன இடம் மூன்றையும் தனித்தனியே எண்ணுங்கள். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஜிபிஎஸ் புள்ளியும் சர்வே எண்ணும் குறியுங்கள். கருப்பு-சிவப்புப் பானை ஓடு கிடந்தால் கிடந்த இடத்திலேயே படமெடுங்கள். எடுத்து வந்த ஓடு எந்தக் குழியைச் சேர்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடமென்றால் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை கட்டுமானத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி தேவை. பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் இல்லாததென்றால் வட்டாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை ஜேசிபியை நிறுத்தாது.