சின்னப் பிள்ளைகள் மூச்சிரைக்க விளையாடட்டும்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் வீடுகள் நெருக்கம். "ஓடாதே, குதிக்காதே" என்று பிள்ளைகளை நாள் முழுக்க அடக்கியே வைக்கிறோம். ஆனால் 3, 4 வயதுப் பிள்ளைகள் தினமும் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சிரைக்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரேயடியாக வேண்டாம், நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம்.

அங்கன்வாடியோ வீட்டு ஹாலோ, ஸ்டூல், குடம் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுப் பழைய மெத்தையை விரியுங்கள். டைல்ஸ் தரையில் பாய் வழுக்கும்.

பிள்ளைகள் கட்டிப் புரண்டால் உடனே பிரிக்காதீர்கள். முதலில் முகத்தைப் பாருங்கள். சிரிக்கிறார்களா? மாறி மாறித் துரத்துகிறார்களா? கீழே விழுந்த பிள்ளை எழுந்து தானாகவே மறுபடி ஓடி வருகிறதா? அப்படியென்றால் அது விளையாட்டுதான். முகம் இறுகி, ஒரே பிள்ளை அடிவாங்கி, விலகப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். யார் "போதும்" என்றாலும் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு விதியைத் தினமும் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்களும் உருண்டு புரளட்டும்.

கையைப் பிடித்து மட்டும் தூக்கிச் சுழற்றாதீர்கள். 5 வயதுக்குள் முழங்கை மூட்டு எளிதில் விலகிவிடும். அக்குளில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

வெயில் காலத்தில் காலையிலோ சாயங்காலமோ விளையாட விடுங்கள், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம்.