சொல்ல வாய் வராததை ஒரு மரத்தை வைத்துச் சொல்லுங்கள்

மனதில் உள்ளதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை என்றால், இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு மரத்தையோ பறவையையோ பற்றி மூன்று வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், விளக்கம் வேண்டாம். "கொல்லை முருங்கை இந்த வருஷமும் பூத்தது, பறிக்கத்தான் ஆளில்லை" என்று அம்மா போனில் சொன்னால், வெளியூரில் இருக்கும் மகனுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

நேரடிப் புகார் வந்தால் கேட்பவர் உடனே பதில் தேடுவார், காட்சி வந்தால் அதைப் பார்ப்பார், அர்த்தத்தை அவரே கண்டுபிடிப்பதால் மறுக்கவும் தோன்றாது. தொல்காப்பியம் இதை உள்ளுறை என்கிறது. குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, காதலன் என்னோடு கூடிய அன்று சாட்சிக்கு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்டுவிட்டு, தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவை மட்டும்தான் இருந்தது என்கிறாள். அந்தக் குருகின் கண்ணும் மீன் மேல்தான்! அவளுடைய தனிமை முழுக்க அதில் இருக்கிறது, எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமாக அதைச் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்த பொருளாக இருக்கட்டும், எங்கோ படித்த தாமரையும் நிலாவும் எடுபடாது. அப்புறம் மன்னிப்பு கேட்கும்போது, டாக்டரிடம் வலியைச் சொல்லும்போது, கடன் கணக்கு பேசும்போது இது வேண்டாம். அங்கே நேராகவே சொல்லிவிடுங்கள்.