வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும்போது வீட்டில் செய்யும் தவறுகள்

அறுபதைத் தாண்டியவர் பேச்சின் நடுவே ஒரு பெயருக்குத் தடுமாறினால், சில வீடுகளில் "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவார்கள். வேறு சில வீடுகளில் அன்றிரவே போனில் அல்சைமர் என்ற மறதிநோய் பற்றித் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இரு தரப்பும் பார்ப்பது எத்தனை தடவை மறந்தார் என்பதை மட்டும்தான். முதல் தவறு அங்கேதான். எந்த வார்த்தை வரவில்லை, பிறகு வந்ததா, அதற்குப் பதில் என்ன சொன்னார் என்று பாருங்கள்.

வயோதிகத்தில் முதலில் வழுக்குவது ஆட்களின் பெயர். "மணிக்கூண்டுகிட்ட மருந்துக்கடை வச்சிருந்தாரே, பொண்ணைத் திருச்சியில கட்டிக்கொடுத்தாரே" என்று ஆளின் ஜாதகமே வந்துவிடும், பெயர் மட்டும் வராது. முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்வார். இல்லாவிட்டால் குளிக்கும்போது தானாக வரும். அர்த்தம் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து ஒலிக்குப் போகும் தொடர்புதான் தளர்ந்திருக்கிறது. இளைஞர்களுக்கே இது வாரம் ஒருமுறை அளவில் நடக்கும்.

கவலைப்பட வேண்டியது சீப்பு, சாவி, கரண்டி போன்ற தினசரிப் பொருட்களின் பெயர்கள் போகும்போதுதான். "அதை எடு, அங்க இருக்குமே, அது" என்று பேச்சு முழுக்க அதுவும் இதுவுமாக நிரம்பும். முதல் எழுத்தைச் சொன்னாலும் பலிக்காது. ஒன்றைக் கேட்க நினைத்து இன்னொன்றின் பெயரைச் சொல்வார். 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் ஆலோய்ஸ் அல்சைமர் பார்த்த 51 வயது நோயாளி அகுஸ்தே, காலிஃப்ளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, தான் சாப்பிடுவது கீரை என்றார். வேறொரு வகை மறதிநோயில் "சீப்புன்னா என்ன?" என்றே கேட்பார்கள். அங்கே போனது வார்த்தையின் பொருள். இந்த வகை 65 வயதுக்கு முன்பேகூடத் தொடங்கலாம்.

அடுத்த தவறு, பழைய கதைகளைச் சரளமாகச் சொல்கிறாரே என்று நிம்மதி அடைவது. பல வருடங்களாகச் சொல்லிப் பழகிய கதையும், "சாப்பிட்டீங்களா, எப்ப வந்தீங்க" போன்ற வழக்கமான பேச்சும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நேற்று நடந்த ஒன்றை அவர் விவரிக்கும்போது கவனியுங்கள்.

அப்புறம் இந்தப் பரீட்சை. பேரப்பிள்ளைகள் எதிரில் நிறுத்தி "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். மருத்துவர்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்று கேட்பதுண்டு. அதையும் வயது, படிப்பு எல்லாம் பார்த்துத்தான் மதிப்பிடுவார்கள். தமிழிலேயே வாழ்ந்தவரை ஆங்கிலத்தில் சோதித்தால் முடிவு செல்லாது. தயங்காமல் தமிழில் கேட்கச் சொல்லுங்கள்.

"யோசிங்க, நீங்களே சொல்லுங்க" என்று காத்திருப்பதும் உதவாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளியான ஆய்வில், ஒரு வார்த்தைக்காக அதிக நேரம் திணறியவர்கள் அடுத்த முறையும் அதே வார்த்தையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கொஞ்சம் பொறுத்து, வரவில்லையென்றால் சொல்லிவிடுங்கள். அதனால் மூளை சோம்பேறியாகிவிடாது.

தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் இவையும் வார்த்தையைத் தடுக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பரிசோதிக்காமல் ஞாபகசக்தி டானிக் வாங்குவது காசுக்குக் கேடு, காலத்துக்கும் கேடு.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காலையில் நன்றாகப் பேசியவருக்கு மத்தியானம் திடீரென்று பேச்சு குழறினாலோ வார்த்தை வராமல் போனாலோ அது முதுமையும் அல்ல, மறதிநோயும் அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள்.

மற்றபடி, சில மாதங்களாகக் கூடிக்கொண்டே வந்தால், கூடவே பணக்கணக்கில் குழப்பமோ தெரிந்த தெருவில் வழி தவறுவதோ இருந்தால், நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரைப் பாருங்கள். "மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் புரியாது. எந்தத் தேதியில், எதைச் சொல்ல நினைத்து என்ன சொன்னார், எடுத்துக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டாரா என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.