ஆகாயத்தாமரை: வண்டா, மருந்தா?

ஏரியை மூடும் ஆகாயத்தாமரையை (வெங்காயத்தாமரை) ஒழிக்க அதைத் தின்னும் வண்டை விடலாம், அல்லது களைக்கொல்லி மருந்து அடிக்கலாம். குடிநீர் ஏரியென்றால் மருந்தை மறந்துவிடுங்கள். அங்கே நியோகெட்டினா கூன்வண்டுதான் வழி. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி இது. வண்டு இலையைச் சுரண்டும், அதன் புழு காம்பைக் குடைந்து இறங்கும்.

வண்டை மட்டும் பொறுக்கி ஏரியில் விட்டால் போதாது. கூட்டுப்புழு தண்ணீருக்கடியில் வேரில் ஒட்டியிருக்கும். ஆகவே வண்டுள்ள செடிகளை வேரோடு ஈரச்சாக்கில் கொண்டுவந்து, காற்றும் ஓட்டமும் அடித்துப்போகாத ஓரத்தில் மிதக்கவிடுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டாகும். ஏரி ஆண்டுதோறும் வற்றினால் வண்டு நிலைக்காது.

அவசரமென்றால் 2,4-டி என்ற களைக்கொல்லி. பூக்குமுன், காற்றில்லாத காலையில், லேபிளில் உள்ள அளவில் இலை நனைய அடியுங்கள். பக்கத்தில் பருத்தியோ திராட்சையோ இருந்தால் வேண்டவே வேண்டாம். சாரல் பட்டாலே இலை சுருளும். ஒரே நாளில் முழு ஏரிக்கும் அடித்தால் அழுகும் செடி ஆக்சிஜனைத் தின்று மீன் செத்து மிதக்கும். மூன்றில் ஒரு பங்காக, இரண்டு வார இடைவெளியில் அடியுங்கள். செத்ததை வாரி வெளியேற்றுங்கள். வண்டும் விட்டிருந்தால், அது பிழைக்க செடிகளில் ஒரு நீளப் பகுதியை மருந்தின்றி விடவேண்டும்.

சேற்றிலுள்ள விதை 15 ஆண்டுக்கு மேலும் முளைக்கும். முதல் மழைக்குப்பின் தலைகாட்டும் நாற்றைக் கையால் பிடுங்குவது எந்த மருந்தையும்விட மலிவு.