புதிய தூதரக அதிகாரிகளின் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சி வகுப்பில் ஒரு மாதிரிச் சந்திப்பு. எதிர்த்தரப்பாக உட்கார்ந்திருக்கும் மூத்த அதிகாரி, “உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலிக்கிறோம்” என்கிறார். அரை மணி நேரம் கழித்துப் புதியவர் கொண்டுவரும் குறிப்பில், “கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டார்கள்” என்று இருக்கிறது. அவர் வேண்டுமென்றே மாற்றி எழுதவில்லை. எதிரில் இருந்தவர் சிரித்த முகமாகப் பேசினார், இரண்டு முறை தலையாட்டினார். புதியவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். வகுப்பறையில் இதைத் திருத்திவிடலாம். உண்மையான சந்திப்பாக இருந்தால், தலைநகரில் இருக்கும் அமைச்சர் இதை நம்பி அறிக்கை விடுவார், எதிர்த்தரப்பு மறுக்கும், பல மாத உழைப்பு வீணாகும்.

பயிற்சிகளில் நான் காணும் பெரிய தவறு இதிலிருந்துதான் தொடங்குகிறது. பேசக் கற்றுக்கொடுக்க நிறைய நேரம் ஒதுக்குகிறோம். கேட்டதைக் கேட்டபடி எழுத வைக்க ஒதுக்குவதில்லை. ஆனால் புதிய அதிகாரியின் முதல் சில ஆண்டுகளில் மேடைப்பேச்சு அபூர்வம். பெரும்பாலும் அவர் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

அந்தக் குறிப்பில் மூன்று விஷயங்கள் கலக்கவே கூடாது: அவர்கள் சொன்னது, அதற்கு நான் கொள்ளும் பொருள், அடுத்து நாம் செய்யக்கூடியது. மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். ஒரே மாதிரிச் சந்திப்பில் இரண்டு பேரை உட்காரவைத்து, கலந்து பேசாமல் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டையும் ஒலிப்பதிவோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். “பரிசீலிக்கிறோம்” எந்த இடத்தில் “ஏற்றுக்கொண்டார்கள்” ஆனது என்பதை எழுதியவரே கண்டுபிடிப்பார். இதை ஒரு முறை செய்து நிறுத்திவிடாமல், வாரம் ஒருமுறையாவது செய்ய வேண்டும்.

சொல்லுக்கு இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் உச்சாலே உடன்படிக்கையைச் சொல்வேன். 1889-ல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் செய்துகொண்டது. அதன் 17-ஆவது பிரிவின் அம்ஹாரிக் (எத்தியோப்பிய மொழி) வடிவத்தில், பிற நாடுகளோடு பேச எத்தியோப்பியா விரும்பினால் இத்தாலியின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. இத்தாலிய வடிவமோ இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்றது. “லாம்” எங்கே, “வேண்டும்” எங்கே! அந்த வேறுபாட்டை வைத்து எத்தியோப்பியாவைத் தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி உரிமை கொண்டாடியது. எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் அதை ஏற்கவில்லை. விவகாரம் போராக முற்றி, 1896-ல் எத்தியோப்பியாவின் அட்வாவில் இத்தாலியின் தோல்வியில் முடிந்தது. இந்தப் பிரிவின் இரண்டு வடிவங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் ஒரு மணி நேரம், உடன்படிக்கை வரைவு பற்றிய ஒரு நாள் விரிவுரைக்குச் சமம்.

மொழிப் பயிற்சியைப் பாதியில் வெட்டுவது இன்னொரு தவறு. அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் போன்ற மொழிகளுக்கு ஏறத்தாழ 88 வாரங்கள் ஒதுக்குகிறது. எல்லா நாடுகளாலும் அது முடியாதுதான். ஆனால் ஆறு மாதம் கற்பித்து, “மீதியை அங்கே போய்ப் பழகிக்கொள்” என்று அனுப்பினால் பெரும்பாலானவர்கள் ஆங்கிலம் பேசுபவர்களோடு மட்டுமே பழகிக் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஊரின் மனநிலை அவர்கள் காதில் விழுவதே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். விலக்குரிமையை, அதாவது பணிபுரியும் நாட்டின் கைது, வழக்கு போன்றவற்றிலிருந்து தூதருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை, ஒரு சலுகைப் பட்டியலாகச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின்படி அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அனுப்பிய அரசிடம் இருக்கிறது, அதிகாரியிடம் இல்லை. 41-ஆவது பிரிவு, பணிபுரியும் நாட்டின் சட்டங்களை மதிக்கவும் அதன் உள்விவகாரங்களில் தலையிடாமல் இருக்கவும் கடமை விதிக்கிறது. 9-ஆவது பிரிவின்படி எந்தக் காரணமும் சொல்லாமலே ஒருவரை “ஏற்கத்தகாதவர்” என்று அந்த நாடு அறிவிக்கலாம். துணைத் தூதரக (கன்சுலர்) அதிகாரிகளுக்கு, அவர்களுக்கான 1963 வியன்னா உடன்படிக்கை தரும் பாதுகாப்பு இன்னும் குறுகியது. புறப்படும் முன் இவை ஒவ்வொன்றையும் புதியவர் தன் சொற்களில் சொல்லிக்காட்ட வேண்டும்.

விருந்து மேசை, கொடி வைக்கும் வரிசை எல்லாம் தேவைதான். சில நாட்களில் கற்றுவிடலாம். அதற்கு வாரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, விசா, வெளிநாட்டில் சிக்கலில் மாட்டிய நம் குடிமக்களுக்கு உதவி போன்ற கன்சுலர் வேலையை ஒரு பிற்பகலில் முடிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. பல நாடுகளில் புதியவரின் முதல் பணியிடம் விசா கவுண்டரோ கன்சுலர் பிரிவோதான். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். மகன் கைதாகிவிட்டான் என்று ஒரு தாய் அழுவார். அவரிடம் எதை முதலில் கேட்க வேண்டும்? 1963 உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு, கைதானவரைச் சந்திக்கும் உரிமையைக் கன்சுலர் அதிகாரிக்குத் தருகிறது. ஆனால் வழக்கறிஞராக வாதாடவோ, சிறையிலிருந்து மீட்டுத் தருவதாக வாக்களிக்கவோ அவரால் முடியாது. அதை அந்தத் தாயிடம் கனிவோடும் ஒளிவுமறைவு இல்லாமலும் சொல்லிப் பழக வேண்டும். இந்த அழைப்பை வகுப்பில் நடத்திப் பாருங்கள். பெரும்பாலான புதியவர்கள் முதல் நிமிடத்திலேயே, “கவலைப்படாதீர்கள், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிடுவார்கள். அங்கே நிறுத்தி, கைதானவரின் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், எந்த ஊர்க் காவல் நிலையம் என்று கேட்கவைத்து மறுபடியும் தொடங்குங்கள்.