போஸ்டரைப் பார்த்து பர்சனல் டிரெய்னருக்குப் பணம் கட்டாதீர்கள்

எங்கள் ஏரியா ஜிம் வாசலில் ஒரு போஸ்டர் இருக்கும். ஆணழகன் போட்டியில் மெடல் வாங்கிய மாஸ்டர், எண்ணெய் பூசிய உடம்போடு நிற்பார். இந்தக் கையை உருவாக்கியவரால் என் தொப்பையைக் கரைக்க முடியாதா என்று நினைத்து, மூன்று மாத பர்சனல் டிரெய்னிங் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். முதல் நாளே பார்பெல்லைத் தோளில் ஏற்றி ஸ்குவாட், அதாவது அந்த எடையோடு உட்கார்ந்து எழுவது. எனக்குப் பழைய இடுப்பு வலி இருப்பதை அவர் கேட்கவில்லை, வெட்கத்தில் நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை.

மாஸ்டரின் உடம்பைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. அந்த உடம்பு அவருடைய வயது, பரம்பரை வாகு, பல வருட உழைப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. நன்றாகப் பாடுகிறவர் எல்லாம் நல்ல பாட்டு வாத்தியார் ஆகிவிடுவதில்லை. நாற்பத்தைந்து வயதில், சுகர் மாத்திரையோடு, நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் ஒருவருக்கு என்ன தர வேண்டும் என்பது வேறு படிப்பு.

அந்தப் படிப்பு இருக்கிறதா என்று முதல் பேச்சிலேயே தெரிந்துவிடும். எடை எவ்வளவு, எவ்வளவு குறைக்கணும் என்று மட்டும் கேட்கிறாரா, அல்லது பிபி, சுகர், நெஞ்சு வலி, தலைசுற்றல், ஆபரேஷன், மூட்டு வலி, சாப்பிடும் மாத்திரைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாரா? பார்-க்யூ என்று இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் உண்டு, ஒரு பக்கம்தான். இன்சுலின் போடுகிறவருக்கும் சில வகை சுகர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் உடற்பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். மூச்சை அடக்கி எடை தூக்கினால் பிபி எகிறும். இதெல்லாம் தெரிந்தவர் ‘மூச்சை விட்டுக்கிட்டே எந்திரிங்க’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரை சாப்பிடுவதை மறைப்பதில் என்ன கௌரவம் இருக்கிறதோ, எனக்குப் புரிந்ததில்லை. நானும் மறைத்தவன்தான்.

சான்றிதழைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். சுவரில் தொங்குவதை எண்ணாமல், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். ஏசிஇ, என்ஏஎஸ்எம் போன்ற அமெரிக்க அமைப்புகள் டிரெய்னர்களுக்குத் தரும் சான்றிதழ்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் முதலுதவி கற்றிருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு, அவர் வேலை செய்வதைப் பார்க்காமலே சேர்வது. ஒருநாள் ட்ரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டே அரை மணி நேரம் அவரைக் கவனியுங்கள். ஒரு கையில் போன், கண் ரீல்ஸில், வாய் மட்டும் ‘இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு’ என்கிறதா? எடை தூக்குகிறவரின் முட்டி உள்ளே மடங்குவதை அவர் பார்க்கவே இல்லையா? அப்படியென்றால் உங்கள் முட்டியையும் அவர் பார்க்கப்போவதில்லை. யார் எத்தனை கிலோ தூக்கினார் என்பதை நோட்டிலோ போனிலோ குறித்துக்கொள்கிறாரா என்றும் பாருங்கள். குறிக்காதவர் நாளைக்கு உங்களுக்கு என்ன தருவார் என்பது அவருக்கே தெரியாது. பெண்களுக்கு இன்னொன்று: நிலையைத் திருத்தத் தொடுவதற்கு முன்னால் ‘தொடலாமா’ என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் சேர வேண்டாம்.

எனக்குப் பிறகு கிடைத்த மாஸ்டருக்கு லேசாகத் தொப்பைகூட உண்டு. முதல் நாள் கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பின்னால் போட்டு, “இதுல உட்கார்ந்து எந்திரிங்க சார், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது” என்றார். மூன்று வாரம் இதேதான். பக்கத்தில் பையன்கள் நூறு கிலோ தூக்கும்போது நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன், எரிச்சலாக இருந்தது. நாலாவது வாரம் ஸ்டூலை எடுத்துவிட்டு ஐந்து கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

‘ஒரே மாசத்துல பத்து கிலோ’ என்கிறவரை நம்பாதீர்கள். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதுதான் நிதானமான கணக்கு. முதல் நாளே நடக்க முடியாதபடி வலிக்க வைப்பதையும் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவுக்கு மீறிய பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வாரமே புரோட்டீன் டப்பாவை நீட்டுகிறவருக்குப் பெரும்பாலும் அதில் கமிஷன் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி சாதாரண மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம்தான். பயிற்சி செய்கிறவருக்குக் கொஞ்சம் கூடும், அதையும் முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீனிலேயே பார்த்துக்கொள்ளலாம். உடம்பு ஏற ஊசி, ‘கட்ஸ்’ (தசைக் கோடுகள்) வர மாத்திரை என்று பேச்செடுத்தால் அன்றோடு நின்றுவிடுங்கள்.

கடைசியாகப் பண விஷயம். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மூன்று மாதம், ஆறு மாதம் என்று கட்டாமல் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். மாஸ்டர் வேலையை விட்டுப் போனால் மீதிப் பணம் திரும்ப வருமா, வேறு யார் சொல்லித் தருவார் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் ரசீதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் அந்த போஸ்டர் மாஸ்டர் வேறு ஜிம்முக்குப் போய்விட்டார், பணம் வரவில்லை. போஸ்டரை மட்டும் இன்னும் கழற்றவில்லை.