மழைத் தண்ணீரில் ஓட்டிய சைக்கிளை வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள்

அடைமழை பெய்த மறுநாள் காலையில் சேலத்தில் எந்தச் சைக்கிள் கடைக்குப் போனாலும் மூன்று நான்கு வண்டிகள் தலைகீழாக நிற்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் பத்து நிற்கும். முதல் நாள் வருபவை பஞ்சர். ஒரு வாரம் கழித்து வருபவைதான் செலவு வைப்பவை.

வேலைக்கும் கல்லூரிக்கும் சைக்கிளில் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள், பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். குடை பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது, ஃபோனைப் பாலித்தீன் பையில் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வானத்தைப் பார்த்து ஆற்றை அளப்பது

சேலம் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. திருமணிமுத்தாறு சேர்வராயனில் பிறந்து ஊருக்குள் நுழைகிறது. ஆகவே நாலு ரோட்டில் வெயில் அடிப்பதை வைத்து ஆற்றைக் கணிக்க முடியாது. மலையில் பெய்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே வரும். போகும்போது கணுக்கால் மட்டும் நனைந்த தரைப்பாலம், திரும்பும்போது அப்படியே இருக்காது. ஏரி கோடி போகும்போதும் இதே கதைதான். மழை நின்ற பிறகுதான் தெருவில் தண்ணீர் ஏறும்.

நிற்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. வேகமாக ஓடினால் 15 சென்டிமீட்டர் தண்ணீரே நிற்கும் ஆளைத் தள்ளிவிடும். சைக்கிளில் இருப்பவருக்கு ஊன்றக் கால்கூட இல்லை. சரி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமே என்பார்கள். அதுவும் கூடாது. ஆற்றோடு வரும் ஆகாயத்தாமரைக் கொத்தோ துணியோ கம்பிகளில் சிக்கினால், சக்கரம் படல் மாதிரி தண்ணீரைத் தடுத்து நிற்கும். அந்த இழுப்பு முழுவதும் உங்கள் கைக்கு வரும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் சுற்றுப் பாதை, இல்லையென்றால் காத்திருப்பது. மூன்றாவது வழி இல்லை.

ஆழத்துக்கு அளவு வைத்துக்கொள்ளாதது

ஒரு சாண். அவ்வளவுதான் அளவு.

மிதிக்கும்போது கீழே வரும் பெடல் தரையிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டரில் இருக்கும். பெடல் நனைவதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு பெடல்களையும் இணைக்கும் கிராங்க் ஆக்ஸில் இருக்கும் பிபி (பாட்டம் பிராக்கெட்) 27 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திலும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் 33, 34 சென்டிமீட்டரிலும் இருக்கும். நிற்கும் தண்ணீர் ஒரு சாணைத் தாண்டினால் பிபி நனையத் தொடங்கும். இறங்கித் தள்ளுங்கள். முழங்கால் அளவு என்றால் வண்டியைத் தோளில் தூக்குவது நல்லது, திரும்பிப் போவது அதைவிட நல்லது.

ஓரமாகப் போவது

வெயில் காலத்தில் ஓரம் பாதுகாப்பு. வெள்ளத்தில் ஓரம்தான் குழி. சாக்கடை, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம், தண்ணீர் வடியட்டும் என்று யாரோ திறந்துவிட்ட மூடி எல்லாம் அங்கேதான் இருக்கும். சாலையின் நடு முதுகு கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதில் போங்கள். தண்ணீர் ஓரிடத்தில் சுழன்றால் கீழே வாய் திறந்திருக்கிறது, குமிழி விட்டால் அடியிலிருந்து மேலே தள்ளுகிறது என்று பொருள். நடுச்சாலையில் மரக்கிளை நட்டிருந்தால் அதற்கு இரண்டு கை அகலம் தள்ளிப் போங்கள். கிளையைக் குழியின் நடுவில் நடுவதில்லை, எங்கே நிற்கிறதோ அங்கே நட்டிருப்பார்கள்.

எதிரே பஸ் வந்தால் அதன் அலை அடங்கும்வரை நின்றுவிட்டுப் போங்கள்.

வாட்டர் சர்வீஸ்

மற்ற எல்லாத் தவறுகளையும் மன்னித்துவிடலாம். இது மட்டும் ஒவ்வொரு மழைக் காலத்திலும் கோபத்தைக் கிளப்புகிறது. ஏனென்றால் வண்டியின் மேல் அக்கறை உள்ள பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

வண்டி முழுக்கச் சேறும் செம்மண்ணும் அப்பியிருக்கும். பார்க்க மனசு கேட்காது. நேராக மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்துக்குப் போய், பிரஷர் துப்பாக்கியால் அடித்து, நுரை போட்டு, காற்றடித்து, கடைசியில் டீசல் ஸ்பிரேயும் அடித்துப் பளபளவென்று ஓட்டி வருவார்கள். ஐந்தாறு நாள் கழித்துச் சைக்கிள் கடையில் இந்தப் பேச்சு நடக்கும்:

"அண்ணா, வாட்டர் சர்வீஸெல்லாம் விட்டுட்டேனுங்கண்ணா. ஆனா பின் சக்கரம் கரகரங்குது."

"எப்ப விட்ட?"

"மழை விட்ட அன்னிக்கேங்கண்ணா."

"அன்னிக்கே இங்க வந்திருந்தா கிரீஸோட போயிருக்கும் தம்பி. இப்பக் கோனு, கப்பு ரெண்டும் போச்சு."

உள்ளே நடப்பது இதுதான். ஹப்புக்குள் கப்பு என்ற கிண்ணத்துக்கும் கோன் என்ற கூம்பு நட்டுக்கும் நடுவே கிரீஸில் குண்டுகள் உருளும். ஹப்பின் வாயில் இருக்கும் மூடி தூசியைத் தடுக்க வைத்தது. மேலிருந்து விழும் மழையை அது ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீரை எந்தச் சாதாரண ஹப்பும் தாங்காது. வெள்ளத்தில் ஓட்டும்போது உள்ளே கசிந்தது கொஞ்சம் தண்ணீர் என்றால், துப்பாக்கி அந்த வாயோரத்தில் ஒட்டியிருந்த மணலையும் சேர்த்து உள்ளே ஏற்றிவிடுகிறது. நுரை கிரீஸைக் கரைக்கிறது. மிச்சமிருந்த கிரீஸை டீசல் இளக்கி வெளியே ஒழுகவிடுகிறது. பிறகு பால்ரஸ் குண்டுகள் தண்ணீரும் மணலும் கலந்த குழம்பில் உருள்கின்றன. அக்கறை இல்லாதவர் சேற்றோடு நிறுத்திவிட்ட வண்டியில் தண்ணீர் மட்டும்தான் புகுந்திருக்கும். அக்கறை உள்ளவர் காசு கொடுத்து மணலையும் ஏற்றியிருக்கிறார்.

செலவு எங்கே வருகிறது என்று பாருங்கள். குண்டுகள் விலை குறைவு. கோன் மாற்றுவதும் சுலபம். ஆனால் கப்பு பெரும்பாலான ஹப்களில் ஹப்போடு சேர்ந்தே இருக்கும். அதில் பள்ளம் விழுந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும். ஹப்பை மாற்ற எல்லாக் கம்பிகளையும் பிரித்து, மறுபடி கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலையில் தப்பியிருக்க வேண்டிய சக்கரம் அது.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால் டீசல் ஸ்பிரே இன்னொரு கேடும் செய்யும். தட்டில் எண்ணெய் படிந்து பேட் ஊறிவிடும். கீச்சென்று கத்தும், பிடிக்காது. ஊறிய பேடைத் தேய்த்து மீட்பது அரிது, மாற்றத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அன்று மாலையே ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்பூன் ஷாம்பு, பழைய பெயின்ட் பிரஷ், ஒரு குவளை. மேலிருந்து கீழாக ஊற்றிக் கழுவுங்கள். டியூப் பிடித்தால் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். ஹப், பிபி, ஹேண்டில் கழுத்து மூன்றையும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். பிறகு சீட் பில்லர் நிற்கும் உயரத்தில் ஒரு டேப் சுற்றிவிட்டு, பில்லரை உருவி வெளியே எடுத்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். சீட் குழாய் நேராகப் பிபிக்குத்தான் இறங்குகிறது. பல வண்டிகளில் அந்த வழியாகப் புகுந்த தண்ணீர் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். இரவு முழுக்க அப்படியே வடியட்டும்.

தண்ணீர் ஹப் வரை ஏறியிருந்தால் இரண்டு நாளுக்குள் திறந்தாக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினாலும் ஒரு பக்கக் கோனைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முன் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலக் குண்டு. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. வண்டிக்கு வண்டி மாறலாம், எண்ணி ஒரு தட்டில் போடுங்கள். கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, கப்பில் புது கிரீஸை நிரப்பி, குண்டுகளை அதில் பதியுங்கள். பழைய குண்டில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அந்தச் செட் முழுவதையும் மாற்றுங்கள். கோனை இறுக்கும்போது ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கியதும் கோன் கொஞ்சம் கூடுதலாக இறுகும். அதனால் கடைசியில் மறுபடி சுற்றிப் பார்க்காமல் சக்கரத்தை மாட்டாதீர்கள்.

இதைக் கடையில் செய்யச் சொன்னால், "ஓவராயில்" என்று மட்டும் சொல்லாமல், "ரெண்டு ஹப்பும் பிபியும் பிரிச்சு கிரீஸ் வைக்கணும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் வெளிப்பக்கம் எண்ணெய் விட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரமான ஃப்ரீவீலும் நனைந்திருக்கும். அதில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி வடியவிட்டு, பிறகு இன்ஜின் ஆயில் நான்கைந்து சொட்டு விட்டால் போதும். விடாவிட்டால் உள்ளே இருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் வெறுமனே சுற்றும்.

ஈரச் செயினில் எண்ணெய்

எண்ணெய் மேலே, தண்ணீர் உள்ளே. துடைத்து, நிழலில் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்க எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசினாகும்.

நனைந்த பிரேக்கோடு மலை இறங்குவது

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், அதன் பிறகுதான் பிடிக்கும். சக்கரம் ஓரிரு சுற்று போய்விடும். இரும்பு ரிம் என்றால் இன்னும் மோசம். வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு அழுத்தக் கூடாது. மலையிலிருந்து ஓடிவரும் தண்ணீர் சரளையை வளைவில்தான் கொட்டிவைக்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தடுப்பு வைத்திருந்தால், சைக்கிள்தானே என்று ஓரமாக நுழைய வேண்டாம். ஏற்காட்டுக்கு மாற்றுப் பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

காப்பித் தோட்டத்து மண்பாதையில் சேறு மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரம் நின்றால் அழுத்தி மிதிக்காதீர்கள். கியர் வண்டியில், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் கொக்கி முறிந்துவிடும். குச்சியால் சேற்றைத் தோண்டி எடுங்கள்.

ஈர டியூபில் பஞ்சர் ஒட்டுவது

ஒட்டாது. மாற்று டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். நனைந்த ரப்பரைக் கண்ணாடிச் சில்லு சுலபமாக அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் டயரைச் சுற்றிலும் கையால் தடவிச் சில்லையும் முள்ளையும் பிடுங்குங்கள். உள்ளே போக அவற்றுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

காலில் காயத்தோடு இறங்குவது

எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக எளிதில் நுழைகிறது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த வாரங்களில் காய்ச்சல் வந்தால் வெள்ளத் தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அறுந்து கிடக்கும் மின்கம்பி

நின்ற இடத்திலிருந்தே திரும்புங்கள். மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

பேட்டரி சைக்கிள்

நனைந்த அன்று சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைத்த பிறகு போடுங்கள். இதற்கும் வாட்டர் சர்வீஸ் கூடாது.